மூணாவது வால்வு திறந்ததும் அணைந்துபோகும் பெட்டி

கேள்வி: மூன்று ஏக்கர் மஞ்சளுக்குச் சொட்டுநீர் போட்டிருக்கிறேனுங்க. வால்வுகளை நேரம் வைத்துத் திறக்க, ஆர்டுயினோ நானோ என்ற சின்னக் கன்ட்ரோல் போர்டும், காயிலில் கரண்ட் போனால் சுவிட்சாக வேலை செய்யும் 5 வோல்ட் ரிலே நாலும் வைத்து நானே ஒரு பெட்டி செய்தேன். கரண்டுக்கு 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், ஏசியை டிசியாக்கும் டயோடு பிரிட்ஜ், 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 5 வோல்ட்டில் நிறுத்தும் ரெகுலேட்டர் ஐசி 7805. வீட்டில் லேப்டாப் யுஎஸ்பியில் நாள் முழுக்க ஓடியது. மோட்டார் ரூமில் மாட்டினால், ஒரு வால்வுக்குத் தொந்தரவில்லை. மூன்று சேர்ந்து திறந்தால் அஞ்சு நிமிஷத்தில் அணைந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் போனால் தானாக உயிர் வருகிறது. மூணு 7805 மாற்றிவிட்டேன். டூப்ளிகேட் ஐசி கொடுத்து ஏமாற்றுகிறார்களா?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: டூப்ளிகேட் உலாவுவது உண்மைதானுங்க தம்பி. ஆனால் கழற்றிப்போட்ட அந்த மூன்றையும் எறிந்துவிடாதீர்கள். அநேகமாக மூன்றும் நல்லதாகவே இருக்கும். செத்த ஐசிக்குத் தானாக உயிர் வராது. உள்ளே சூடு 150 டிகிரி வாக்கில் போனால் 7805 தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், ஆறினால் எழுந்துகொள்ளும். உங்கள் பெட்டியில் நடப்பது அதுதான்.

12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் என்றால் ரெகுலேட்டருக்கு 12 தான் போகிறது என்று நினைத்திருப்பீர்கள். பிரிட்ஜும் கெபாசிட்டரும் தாண்டினால் அது 12-ஐ 1.41-ஆல் பெருக்கி, இரண்டு டயோடுக்கு 1.4 கழித்தது. 15.5 வருகிறது. அதில் 5 போக மிச்சம் பத்து வோல்ட்டுக்கு மேல், அத்தனையும் அந்தச் சின்ன ஐசியில் சூடாக மாறுகிறது. ரிலே காயில் 70 ஓம்; ஒன்றுக்கு 70 மில்லி ஆம்பியர். மூன்றும் நானோவும் சேர்ந்து 250 என்று வையுங்கள். இரண்டரை வாட். சூட்டை வெளியே விடும் உலோகத் தகடான ஹீட்சிங்க் இல்லாத 7805 ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 65 டிகிரி ஏறும். ஆக 160 டிகிரி ஏற்றம். அதோடு சித்திரை வெயிலில் மோட்டார் ரூமின் 40, மொத்தம் 200. ஒரு ரிலேக்கு இதே கணக்கைப் போட்டால் 110 வாக்கில் நிற்கிறது, தாங்குகிறது. இரண்டு போட்டால் 155 வாக்கில், விளிம்பு. மூன்றாவது வால்வில் விழுவது ஏன் என்று இப்போது தெரிகிறதல்லவா?

இதை நான் கற்றுக்கொண்டது சோமனூரில் ஒரு தறிக்குடோனில். இழை அறுந்தால் தறியை நிறுத்தும் கார்டு, மத்தியானம் மட்டும் காரணமில்லாமல் நின்றது. நைட் ஷிஃப்டில் ஒரு குறையும் இல்லை. இரண்டு தடவை ஐசி மாற்றிக்கொடுத்தேன். மூன்றாம் தடவை மத்தியானம் இரண்டு மணிக்கே போய், ஓட்டுபவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து டேபிள் ஃபேனைக் கேட்டு வாங்கிக் கார்டின் பக்கம் திருப்பி வைத்தேன். சாயங்காலம் வரை தறி நிற்கவில்லை. மேலே தகரக் கூரை. கார்டு இருந்த பெட்டிக்கு ஒரு துளை கூடக் கிடையாது.

நீங்களும் முதலில் ஃபேனை வைத்துப் பாருங்கள். அணைந்த நேரத்தில் மீட்டரை எடுத்து ஐசியின் இன்புட் காலிலும் அவுட்புட் காலிலும், கிரவுண்டோடு சேர்த்துத் தனித்தனியாக வையுங்கள். இன்புட்டில் 15 நின்று அவுட்புட் மட்டும் விழுந்திருந்தால் சூடேதான். இன்புட்டே விழுந்திருந்தால் கோளாறு பிரிட்ஜிலோ கெபாசிட்டரிலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ; ரெகுலேட்டர் பக்கமே போக வேண்டாம். விரலால் தொட்டுச் சூடு பார்க்காதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும்.

தீர்வு, நல்ல அலுமினிய ஹீட்சிங்க். 7805-இன் முதுகுத் தகடு கிரவுண்ட், அதனால் இடையில் கரண்டைத் தடுக்கும் மைக்காத் தகடு வேண்டியதில்லை. அதைவிட எனக்குப் பிடித்தது எல்எம்2596 பக் மாட்யூல்; மிச்ச வோல்ட்டைச் சூடாக எரிக்காமல், வேகமாக ஆன்-ஆஃப் செய்து குறைக்கும் போர்டு அது. அதே லோடுக்கு அரை வாட் கூட வீணாகாது. ஆனால் நானோவை இணைக்கும் முன் மீட்டர் வைத்து, ஸ்க்ரூவைத் திருப்பி 5 வோல்ட் வைத்துவிடுங்கள். கடையிலிருந்து வரும்போது அது எத்தனையில் நிற்கும் என்று சொல்ல முடியாது.

டிரான்ஸ்ஃபார்மரை 9 வோல்ட்டாக மாற்றச் சொல்வார்கள். சூடு குறையும், நிஜம். ஆனால் எல்லா மோட்டாரும் ஓடும் நேரத்தில் லைன் 180-க்கு இறங்கினால், உங்கள் 1000 கெபாசிட்டரோடு ஏறி இறங்கும் இன்புட் வோல்ட்டின் பள்ளம் 6 வோல்ட்டுக்கு வந்துவிடும். 7805-க்கு 7 வேண்டும். நம் ஊர் கரண்டுக்கு 12-ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஈஎஸ்பி8266 வைஃபை சிப்புக்கு 3.3 வோல்ட் ரெகுலேட்டர் ஏஎம்எஸ்1117 போட்டேன். மீட்டரில் 3.3 சரியாகக் காட்டுகிறது. வைஃபை பிடிக்கும்போது மட்டும் ரீசெட் ஆகிறது.
- கல்லூரி மாணவி, திருப்பூர்

பதில்: வைஃபை பேசும் நொடியில் அது 300 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும், கண்ணு. அப்போது வோல்ட் விழும் அந்தச் சின்னப் பள்ளம் மீட்டருக்குத் தெரியாது. அவுட்புட் காலை ஒட்டி 22 மைக்ரோஃபாரட் டான்டலம் கெபாசிட்டர் இருக்கிறதா பார். அது இல்லாமல் இந்த ஐசி நிலையாக நிற்காது. ஈஎஸ்பியின் காலடியில் 470 மைக்ரோஃபாரட் ஒன்றும் போடு. சார்ஜரிலிருந்து வரும் ஒயர் மெலிசாக, நீளமாக இருந்தால் மாற்று. ஏஎம்எஸ்1117-க்கு இன்புட்டில் 4.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. சார்ஜர் முனையில் அளக்காமல் ஐசியின் காலிலேயே அள. ஒன்று கவனம்: எழுத்து உன்னைப் பார்க்க வைத்தால் 7805-க்கு இடமிருந்து இன்புட், கிரவுண்ட், அவுட்புட். இதற்கு கிரவுண்ட், அவுட்புட், இன்புட். தகடும் அவுட்புட்தான், பெட்டியின் இரும்பில் பட விடாதே.