"படிப்பை விட்டுவிட்டு டார்ட்ஸ் எறியப் போகிறானாம்": லண்டன் ஹரோவிலிருந்து எழுதிய தாய்க்குப் பதில்

அன்புத் தங்கச்சி,

மகன் இந்த வருடம் ஜிசிஎஸ்இ (16 வயதில் எழுதும் பொதுப் பரீட்சை) எழுதுகிறான், கணக்கில் கெட்டிக்காரன், ஆனால் அதற்கடுத்த சிக்ஸ்த் ஃபார்ம் படிப்பு வேண்டாம், டார்ட்ஸ்தான் (வட்டப் பலகையில் சிறு அம்பு எறியும் விளையாட்டு) என் தொழில் என்று ஒரே பிடியாக நிற்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். "பப்பில குடிகாரர் விளையாடுறதை நம்பி ஒரு பிள்ளை படிப்பை விடலாமோ?" என்றும் கேட்டிருந்தீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகச் சிக்கிக் கிடக்கின்றன. டார்ட்ஸ் ஒரு தொழிலா என்பது ஒன்று. அதற்காகப் படிப்பை விட வேண்டுமா என்பது மற்றது. முதலாவதற்கு என் பதில், ஆம், தொழில்தான். இரண்டாவதற்கு, விட வேண்டிய தேவையே இல்லை. இந்தக் கடிதத்தை மகனுக்கும் வாசிக்கக் கொடுங்கள். அவனுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்கவே தேவையில்லை. வாரிங்டன் பையன் லூக் லிட்லர் 2024 தொடக்கத்தில், 16 வயதில், உலகச் சாம்பியன்ஷிப் இறுதியாட்டம் வரை போய் லூக் ஹம்ஃப்ரீஸிடம் தோற்றார். அடுத்த வருடம் 17 வயதில் மைக்கேல் வான் கெர்வனை வென்று கோப்பையைத் தூக்கினார். 2026 ஜனவரியில் மறுபடியும் அவர்தான். இந்த முறை முதல் பரிசு 10 இலட்சம் பவுண்ட். நடந்த இடமோ அலெக்ஸாண்ட்ரா பேலஸ், உங்கள் வீட்டிலிருந்து எட்டாத தூரமில்லை. இதைப் பார்த்த பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஆசை வராவிட்டால்தான் அதிசயம்.

ஆனால் லிட்லர் 16 வயதில் தொடங்கியவர் அல்ல. ஒன்றரை வயதில் தகப்பன் வாங்கிக் கொடுத்த காந்தப் பலகையில் தொடங்கியவர். செயின்ட் ஹெலன்ஸ் டார்ட்ஸ் அகாடமியில் வளர்ந்து, சிறுவர் போட்டிகளையும் இளையோர் போட்டிகளையும் வென்று, 2023 நவம்பரில் இளையோர் உலகப் பட்டத்தையும் எடுத்துவிட்டுத்தான் பெரிய மேடைக்கு வந்தார். உங்கள் மகன் எறியத் தொடங்கி எவ்வளவு காலம், அதில் போட்டியில் எறிந்தது எவ்வளவு என்பதை முதலில் கேளுங்கள். கண்டிப்பதற்காகக் கேட்க வேண்டாம், அறிந்துகொள்வதற்காகக் கேளுங்கள்.

இனி, நான் ஆக அழுத்திச் சொல்ல நினைப்பது. உதைபந்தாட்டத்தில் 18 வயதுக்குள் ஒரு கழகம் எடுக்கவில்லை என்றால் பெரும்பாலும் கதவு சாத்தப்பட்டுவிடும். டார்ட்ஸில் அந்தக் கதவு பல வருடங்கள் திறந்தே கிடக்கும். ராப் கிராஸ் எலக்ட்ரீஷியன் வேலை செய்தவர். 26 வயதில் தொழில்முறைக்கு வந்து, ஒரு வருடத்துக்குள், 2018 ஜனவரி 1ஆம் திகதி, 16 உலகப் பட்டங்கள் வென்ற ஃபில் டெய்லரை இறுதியாட்டத்தில் வென்றார். வேல்ஸ் நாட்டு ஜானி கிளேட்டன் கவுன்சிலில் சுவர் பூசும் வேலை பார்த்தவர். 2021இல் டார்ட்ஸ் பிரீமியர் லீக் உட்பட பெரிய கோப்பைகளை அள்ளிய காலத்திலும் அந்த வேலையைக் கைவிடவில்லை. கிளென் டரன்ட் 48 வயதில் டூர் கார்டு, அதாவது தொழில்முறைப் போட்டிகளில் ஆடும் உரிமம், எடுத்து, அடுத்த வருடமே பிரீமியர் லீக்கை வென்றார். சிங்கப்பூரின் பால் லிம் 71 வயதில், 2025 டிசம்பரில், உலகச் சாம்பியன்ஷிப்பில் ஓர் ஆட்டத்தை வென்றார். அதே போட்டியில் நிதின் குமாரும் ஓர் ஆட்டத்தை வென்றார். உலகச் சாம்பியன்ஷிப்பில் இந்தியர் ஒருவர் வென்ற முதல் ஆட்டம் அது. "எங்கட ஆட்களுக்கு இது எங்க சரிவரும்" என்று வீட்டில் யாராவது சொன்னால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

ஆகவே 16 வயதில் படிப்பை விட்டால்தான் டார்ட்ஸ் கிடைக்கும் என்று மகன் நினைத்தால், அது இந்த விளையாட்டின் கணக்கே இல்லை. 20 வயதிலும் கிடைக்கும், 26 வயதிலும் கிடைக்கும். தவிர, இங்கிலாந்துச் சட்டப்படி 18 வயது வரை படிப்பிலோ பயிற்சியிலோ ஏதோ ஒரு வடிவில் இருந்தே ஆக வேண்டும். முழுநேரமும் வீட்டில் நின்று அம்பு எறிவதற்கு அதில் இடமில்லை.

அடுத்தது காசு. தொலைக்காட்சியில் தெரிவது உச்சிக் கிளை மட்டும். தொழில்முறை டார்ட்ஸை நடத்தும் பிடிசி அமைப்பின் டூர் கார்டுகள் உலகம் முழுவதற்கும் 128தான். அதை எடுக்க ஒவ்வொரு ஜனவரியிலும் கியூ-ஸ்கூல் என்ற தகுதிப் போட்டி நடக்கும், இங்குள்ளவர்களுக்கு மில்டன் கீன்ஸில். நூற்றுக்கணக்கானோர் வருவார்கள், விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான் கார்டோடு திரும்புவார்கள். கார்டின் ஆயுள் இரண்டு வருடம். அது முடியும்போது தரவரிசையில் முதல் 64 பேருக்குள் இல்லை என்றால் கார்டு போய்விடும், மறுபடியும் கியூ-ஸ்கூல் வரிசையில் நிற்க வேண்டும்.

தரவரிசை என்பதே கடைசி இரண்டு வருடத்தில் வென்ற பரிசுப் பணத்தின் கூட்டுத்தொகை. மைக்கேல் ஸ்மித் 2023 ஜனவரியில் உலகச் சாம்பியன். அப்போது கிடைத்த 5 இலட்சம் பவுண்ட் அவரை முதலிடத்துக்குத் தூக்கியது. இரண்டு வருடம் கழித்து அந்தத் தொகை கணக்கிலிருந்து கழிந்தபோது, 2025 உலகச் சாம்பியன்ஷிப்பில் தன் முதல் ஆட்டத்திலேயே தோற்றதால், முதல் 16 இடங்களுக்கு வெளியே போய்விட்டார். உலகச் சாம்பியனுக்கே இந்த நிலை.

கார்டு உள்ளவருடைய சாதாரண வேலைநாள் எப்படி இருக்கும் என்று உங்கள் மகன் தெரிந்துகொள்ள வேண்டும். பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் என்ற போட்டிகள் வருடத்தில் முப்பதுக்கும் மேல், விகன், லெஸ்டர், ஜெர்மனியின் ஹில்டஸ்ஹைம் போன்ற ஊர்களில், பெரும்பாலும் வேலைநாட்களில் நடக்கும். மேடைப் பாட்டு இல்லை, வேஷம் போட்ட ரசிகர் கூட்டம் இல்லை. ஒரு மண்டபத்தில் வரிசையாகப் பலகைகள், 128 பேர். முதலில் ஆறு லெக் எடுப்பவருக்கு வெற்றி; 501 புள்ளியை ஒருமுறை கழித்து முடிப்பதுதான் ஒரு லெக். ஓர் ஆட்டம் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். முதல் சுற்றில் தோற்கும் 64 பேருக்கும் ஒரு பென்னி கிடையாது. பெட்ரோல், ஹோட்டல், சாப்பாடு எல்லாம் சொந்தப் பையிலிருந்து. உலகச் சாம்பியன்ஷிப்பில் முதல் சுற்றில் தோற்றாலும் இப்போது 15,000 பவுண்ட் உண்டு. கீழ்வரிசையில் இருக்கும் பலருக்கு அந்த வருடத்தைக் காப்பாற்றுவது அந்த ஒரு தொகைதான். இவர்கள் எல்லாரும் சுயதொழில் செய்பவர்கள். நோய் விடுப்புக் காசு இல்லை, முதலாளி கட்டும் பென்ஷன் இல்லை, வரிக்கணக்கைத் தாங்களேதான் கொடுக்க வேண்டும்.

மகன் லிட்லரின் படத்தைக் காட்டினால், நீங்கள் தரவரிசையில் 70ஆம் இடத்தில் இருப்பவரைப் பற்றிக் கேளுங்கள். அந்த இடத்தில் இரண்டு வருடம் எப்படிச் சீவிப்பாய், வாடகை எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். அதற்குப் பதில் வைத்திருக்கும் பிள்ளையை நான் நம்புவேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு அவனுக்காகவும் பேச வேண்டும். இது மூளை உள்ளவரின் விளையாட்டு. 2.37 மீற்றர் தள்ளி நின்று, தரையிலிருந்து 1.73 மீற்றர் உயரத்தில் நடுப்புள்ளி உள்ள ஒரு பலகையில், விரல் அகலம்கூட இல்லாத கோட்டுக்குள் எறிய வேண்டும். 501இலிருந்து கழித்துக்கொண்டே வந்து, கடைசி அம்பு டபுளில், அதாவது எண்ணை இரட்டிப்பாக்கும் வெளி வளையத்தில், விழ வேண்டும். மீதி 81 என்று வையுங்கள். டிரிபிள் 19 (எண்ணை மூன்று மடங்காக்கும் உள் வளையம்) விழுந்தால் 57 போய், மீதி 24, டபுள் 12. ஆனால் அம்பு நழுவி ஒற்றை 19இல் விழுந்தால் மீதி 62, கையில் இரண்டு அம்பு. உடனே டிரிபிள் 10க்கு எறிந்தால் மீதி 32, டபுள் 16. எல்லாரும் டபுள் 16ஐ விரும்புவதற்கும் காரணம் உண்டு. உள்ளே நழுவி ஒற்றை 16 விழுந்தாலும் மீதி 16, டபுள் 8. அதிலும் நழுவினால் டபுள் 4. இதெல்லாம் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல், அடுத்த அம்பு விரலிலிருந்து விடுபட முன்னர் தலைக்குள் ஓடுகிறது. உங்கள் மகன் கணக்கில் கெட்டிக்காரன் என்றீர்களே, இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருவதாக இருக்கலாம். ஒருநாள் அவன் பக்கத்தில் இருந்து எண்ணிக்கை எழுதிக் கொடுங்கள். நீங்கள் எதை எதிர்க்கிறீர்கள் என்பதாவது தெரிய வேண்டும் அல்லவா?

பப் என்ற பயம் முழுக்கப் பொய்யில்லை. மண்டபங்களில் பியர் ஓடும், போட்டிகளைச் சுற்றிச் சூதாட்டக் கம்பனிகளின் விளம்பரம் நிறைந்திருக்கும். தொழில்முறை வீரர்கள் டார்ட்ஸ் மீது பந்தயம் கட்டுவது விதிப்படி தடை. இதைச் சிறுவயதிலேயே வீட்டில் தெளிவாகப் பேசிவிடுங்கள். சிறுவர்களுக்கு பப்பைத் தவிர வேறு இடங்களும் இப்போது உண்டு. ஜூனியர் டார்ட்ஸ் கார்ப்பரேஷனோடு இணைந்த அகாடமிகள் நாடு முழுக்க இருக்கின்றன, பெற்றோரும் கூடவே இருக்கலாம். மகள்களும் வருகிறார்கள். டொன்காஸ்டரின் போ கிரீவ்ஸ் 2025இல் இளையோர் உலகப் போட்டி அரையிறுதியில் லிட்லரையே வென்றவர்.

பப்பைவிட எனக்குக் கவலை தருவது மனம். டார்டைட்டிஸ் என்று ஒரு கோளாறு இருக்கிறது. கை உயரும், அம்பு விரலை விட்டுப் போகாது. ஐந்து முறை உலகச் சாம்பியனான எரிக் பிரிஸ்டோவையே அது முடக்கியது. மேலே சொன்ன டரன்ட், கோப்பை வென்ற சில மாதங்களிலேயே எறிதல் கைவிட்டுப் போய், 2022இல் விளையாட்டையே நிறுத்தினார். ஹம்ஃப்ரீஸ் தனக்கு வந்த பதற்ற நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசி, உதவி பெற்று மீண்டு, உலகச் சாம்பியன் ஆனவர். தோற்ற நாளில் மகன் எப்படி இருக்கிறான் என்று கவனியுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் கதைக்காமல் இருக்கிறானா, இல்லை மறுநாள் காலையில் எழுந்து தவறிய டபுளைத் திரும்ப எறிகிறானா? இதை எந்த ஆலோசகரைவிடவும் தாய்க்குத்தான் நன்றாகத் தெரியும்.

என் யோசனை இதுதான். செப்டம்பரில் அவன் ஏதாவது ஒன்றில் சேர வேண்டும். ஏ-லெவல் பிடிக்காவிட்டால் தொழில்நுட்பப் படிப்பான டி-லெவல், அதுவும் வேண்டாம் என்றால் எலக்ட்ரீஷியன் போன்ற அப்ரென்டிஸ்ஷிப். சம்பளத்தோடு தொழில் படிப்பது இந்த விளையாட்டுக்காரருக்கு மிகவும் பொருந்தி வந்த வழி, கிராஸும் கிளேட்டனும் கைத்தொழிலோடு வந்தவர்கள்தான். 16 முதல் 24 வயது வரையானோருக்கான டெவலப்மென்ட் டூர் போட்டிகள் பெரும்பாலும் வார இறுதியில்தான் நடக்கும், படிப்புக்கு இடைஞ்சல் வராது. அங்கே பட்டியலின் உச்சியில் முடிப்பவர்களுக்கு டூர் கார்டே கிடைக்கும், கியூ-ஸ்கூல் போகவும் தேவையில்லை. நீங்கள் உங்கள் பங்குக்கு ஒரு சின்னத் தொகையை ஒதுக்குங்கள், இந்த வருடத்துக்கு இவ்வளவுதான் என்று எழுதி வையுங்கள், அதற்கு மேல் கடன் பட வேண்டாம்.

மகன் செய்ய வேண்டியது ஒன்று. ஒரு கொப்பியில், போட்டியில் எறிந்த ஒவ்வொரு ஆட்டத்தின் மூன்று அம்புச் சராசரியையும், அதாவது மூன்று அம்புக்குச் சராசரியாக எடுத்த புள்ளியையும், எழுதி வைக்க வேண்டும். அறைக்குள் தனியாக எறிந்தது கணக்கில் வராது. தொழில்முறையில் நிலைக்க 90 வேண்டும், மேல்வரிசையினர் 100ஐத் தாண்டி எறிகிறார்கள். இன்று 65 என்றாலும் வெட்கமில்லை, அடுத்த வருடம் அது எங்கே நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆகஸ்டில் பரீட்சை முடிவு வந்ததும் அந்தக் கொப்பியோடு அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பயிற்சி என்பதை மூவருமாக இருந்து பார்ப்போம். அதுவரை அவனுடைய பலகையைச் சுவரிலிருந்து கழற்றிவிடாதீர்கள்.