எந்த முனையில் தொடங்குவது, எப்போது கிளம்புவது?

நெடுந்தூரப் பாதை நடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: அமெரிக்காவின் அப்பலாச்சியன் ட்ரெயிலை ஒரே பருவத்தில் முழுதாக நடக்க ஆசை. ஆறு மாத விடுப்பு கிடைக்கும். பெரும்பாலோர் மார்ச் மாதம் ஜார்ஜியாவில் தொடங்கி வடக்கே போகிறார்களாமே, நானும் அப்படியே கிளம்பிவிடலாமா?

ப: கிளம்பும் தேதியை முதலில் குறிக்காதீர்கள். எந்த வாசல் என்றைக்கு மூடும் என்று பாருங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள். இந்தப் பாதைக்கு மூடும் வாசல் வடமுனையில் இருக்கிறது. மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலை பாக்ஸ்டர் மாநிலப் பூங்காவுக்குள் வருகிறது. அக்டோபர் 15க்குப் பிறகு அங்கே இரவு தங்க அனுமதி இல்லை. அதற்கு முன்பும் வானிலை மோசமானால் மலையேற்றத்தை நிறுத்திவிடுவார்கள். ஆகவே செப்டம்பர் முடிவதற்குள் கட்டாடினில் இருப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிந்தைய இரண்டு வாரம் காயத்துக்கும் மழைக்கும் ஒதுக்கிய கையிருப்பு.

பாதையின் நீளம் சுமார் 3,500 கி.மீ. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை 183 நாள். வாரம் ஒரு நாள் ஓய்வு என்றால் நடக்கும் நாள் 157. நாளொன்றுக்கு 22 கி.மீ. வருகிறது. முடியக்கூடிய கணக்குதான். ஆனால் இந்தச் சராசரியை நம்பி எல்லா நாளுக்கும் ஒரே தூரம் எழுதுகிறவர்கள்தான் கடைசியில் தவிக்கிறார்கள். முதல் இரண்டு வாரம் 13 முதல் 16 கி.மீ.க்கு மேல் போக வேண்டாம். மூச்சு சீக்கிரம் பழகிவிடும். தசைநாண்களும் பாதமும் பழகப் பல வாரம் பிடிக்கும். வேகம் எடுத்தவர்களை முதல் மாதத்திலேயே வீட்டுக்கு அனுப்புவது முழங்கால் வீக்கமும் கெண்டைக்கால் வலியும்தான். வர்ஜீனியாவில் 25, 30 கி.மீ. தானாகவே வரும். நியூ ஹாம்ப்ஷயரும் மெய்னும் சேர்ந்த கடைசி 700 கி.மீ.யில், ஒயிட் மலைகளிலும் தெற்கு மெய்னிலும், மறுபடி 15க்கு இறங்கிவிடும். அங்கே பாதை என்பது வேர்களும் பாறைகளும்தான். மஹூசுக் நாட்ச் என்ற பாறை இடுக்கில் ஒன்றரை கி.மீ. கடக்க இரண்டு மணி நேரம் ஆனாலும் வியப்பில்லை. முன்னால் விட்டதைப் பின்னால் பிடித்துவிடலாம் என்ற எண்ணம் இந்தப் பாதையில் பலிக்காது.

மார்ச் தொடக்கத்தில் கிளம்பினால் கையிருப்பு நாள் கூடும், உண்மைதான். ஆனால் கிரேட் ஸ்மோக்கி மலைகளில் 1,800 மீட்டருக்கு மேல் நடக்கும்போது பனி இருக்கும், தங்குகொட்டகைகளில் நெரிசல் இருக்கும். ஏப்ரல் முதல் வாரம் நல்ல நடுவழி. குளிர்கால உறக்கப்பையையும் உடைகளையும், வர்ஜீனியாவின் மவுன்ட் ரோஜர்ஸ் பகுதியைத் தாண்டும்வரை, அதாவது ஏறக்குறைய மே நடு வரை, வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இன்னொரு வாசலையும் எண்ண வேண்டும். பி-2 என்ற சுற்றுலா விசாவில் நுழைவோருக்குப் பொதுவாக ஆறு மாதம் தங்க அனுமதி கிடைக்கிறது. விசாவில் இருக்கும் காலாவதித் தேதி வேறு, நுழைவின்போது தரப்படும் தங்கல் தேதி வேறு; பின்னதைத்தான் பார்க்க வேண்டும். தொடக்க முனைக்குப் போகும் நாளும் விமானத்துக்குத் திரும்பும் நாளும் அந்த ஆறு மாதத்துக்குள்ளேயே அடங்க வேண்டும். அப்போது 183 நாள் 170 ஆகிவிடும். தினசரித் தூரம் 24 கி.மீ. ஆகிவிடும்.

கே: அதே பாதையை வடக்கிலிருந்து தெற்காக நடந்தால் கூட்டம் இருக்காது, வாசல் மூடும் கவலையும் இல்லை என்கிறார்கள். ஏன் அதிகம் பேர் அப்படிப் போவதில்லை?

ப: முதல் நாளே பாதையின் மிகக் கடினமான ஏற்றம் வந்து நிற்பதால். கட்டாடினில் சுமார் 8 கி.மீ.க்குள் 1,200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், பிறகு அதே வழியில் இறங்க வேண்டும். அடுத்து வருவது ‘நூறு மைல் வனம்’, அதாவது 160 கி.மீ.க்கு ஊரே இல்லாத காடு. பழகாத காலுடன், எட்டு முதல் பத்து நாள் உணவைச் சுமந்துகொண்டு அதைக் கடக்க வேண்டும். ஜூன் மாதமென்றால் கறுப்பு ஈக்களின் கடியும் சேரும். தலையையும் முகத்தையும் மூடும் வலை இல்லாமல் போகாதீர்கள். ஜூன் கடைசியில் தொடங்கினால் ஈயும் ஆற்று வெள்ளமும் ஓரளவு தணிந்திருக்கும். தென்முனையான ஸ்பிரிங்கர் மலை ஆண்டு முழுதும் திறந்திருப்பதால் டிசம்பரில் முடித்தாலும் பரவாயில்லை. ஆனால் நவம்பர் பகல் குறுகியது, வேட்டைப் பருவம் வேறு. பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலாடை அவசியம்.

முதல் முறை நடப்பவருக்கு நான் பரிந்துரைப்பது நடுவில் தொடங்குவதைத்தான். ஏப்ரல் கடைசியில் மேற்கு வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் தொடங்கி வடக்கே நடங்கள். முதல் வாரங்களில் ஏற்ற இறக்கம் குறைவு. ஓய்வு நாள்களும் சேர்த்துச் சராசரி 18 கி.மீ. போனாலே ஆகஸ்ட் முதல் பாதியில் கட்டாடின் வந்துவிடும். பிறகு வண்டியேறி ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக்குத் திரும்பி, தெற்கே மிச்சத்தை நடக்கலாம். நடுவில் ஒரு பயணச் செலவு உண்டு. ஆனால் கூட்டம், குளிர், மூடும் வாசல் ஆகிய மூன்றும் விலகிவிடுகின்றன.

கே: பசிபிக் கிரெஸ்ட் ட்ரெயிலில் வடக்கு நோக்கி நடக்க ஏப்ரல் நடு முதல் மே தொடக்கம் வரைதான் சரி என்கிறார்கள். ஏப்ரல் முதல் தேதி பெர்மிட் கிடைத்தால் எடுக்கலாமா?

ப: அமெரிக்காவின் மேற்கில் மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை 4,265 கி.மீ. கொண்ட இந்தப் பாதையில் வாசல் கடைசியில் மட்டும் இல்லை, நடுவிலும் இருக்கிறது. தெற்குக் கலிஃபோர்னியாவின் வறண்ட நிலத்தைத் தாண்டி 1,130ஆவது கி.மீ.யில் கென்னடி மெடோஸ் வரும். அதற்கப்பால் சியெரா நெவாடா மலைத்தொடர். ஃபாரெஸ்டர் கணவாயின் உயரம் 4,009 மீட்டர். அங்கே ஜூன் நடுவில் நுழைவது பொதுவாகச் சரியான நேரம். ஏப்ரல் 20 தொடங்கிச் சராசரி 22 கி.மீ. நடந்தால் ஜூன் 10ஐ ஒட்டிச் சேர்வீர்கள். ஏப்ரல் 1 தொடங்கி 28 கி.மீ. வேகத்தில் போனால் மே 11 வாக்கிலேயே பனிச்சுவர் முன் நிற்பீர்கள். பெர்மிட்டை எடுங்கள், வேகத்தைக் குறையுங்கள்.

ஆனால் ஆண்டுக்கு ஆண்டு பனி ஒன்றாக இருப்பதில்லை. கலிஃபோர்னியா நீர்வளத் துறை ஏப்ரல் தொடக்கத்தில் வெளியிடும் பனி அளவைப் பாருங்கள். 2015இல் அது சராசரியில் வெறும் 5 சதவீதம். 2023இல் 200 சதவீதத்தைத் தாண்டியது. மிகுபனி ஆண்டில் ஜூன் நடுவும் சீக்கிரம்தான்.

பனியில் வேகம் பாதியாகிவிடும். ஐந்து நாளில் முடியும் பகுதிக்கு எட்டு நாள் உணவு எடுங்கள். பசியால் இடையிலேயே பாதையை விட்டு இறங்கிவருகிறவர்கள் இந்தக் கணக்கில்தான் தவறியிருப்பார்கள். விடிவதற்கு முன்பே கிளம்பிக் கெட்டியான பனியில் கணவாயைக் கடந்துவிடுங்கள். நண்பகலுக்குப் பிறகு பனி இளகி ஒவ்வோர் அடிக்கும் கால் தொடைவரை புதையும். ஓடைகளும் அப்படியே: பகலில் உருகிய நீர் மாலையில் வந்து சேர்வதால் அப்போது வெள்ளம் உச்சத்தில் இருக்கும், விடியற்காலையில் குறைந்திருக்கும். மாலையில் மிரட்டும் ஓடை எதிர்ப்பட்டால் இக்கரையிலேயே கூடாரம் போடுங்கள். ஒரு நாள் தாமதம் பெரிய இழப்பு அல்ல.

கடைசி வாசல் வாஷிங்டன் மாநிலத்தின் பனி. செப்டம்பர் இறுதிக்குள் முடிப்பது நல்லது. 2025 முதல் பாதை வழியாகக் கனடாவுக்குள் நுழைய அனுமதி கிடையாது. எல்லைக் கம்பத்தைத் தொட்டுவிட்டு ஹார்ட்ஸ் கணவாய்க்கு 48 கி.மீ. திரும்பி நடக்க வேண்டும். அதற்கு இரண்டு நாள் உணவும் நேரமும் கூடுதலாகச் சேருங்கள்.

கே: அப்படியானால் தெற்கு நோக்கி நடந்தால் இந்த நடுவாசல் தொல்லை இல்லையே?

ப: இருக்கிறது, திசை மாறிவிடுகிறது. தொடக்கத்தில் வாஷிங்டனின் பழைய பனி கரைய ஜூன் கடைசி அல்லது ஜூலை தொடக்கம் ஆகும். முடிவில் சியெராவின் புதுப்பனி அக்டோபரில் விழத் தொடங்கும். ஜூலை 1 கிளம்பி அக்டோபர் 5க்குள் ஃபாரெஸ்டர் கணவாயைத் தாண்ட வேண்டுமென்றால், ஓய்வு நாள்களும் உட்பட 96 நாளில் ஏறக்குறைய 3,010 கி.மீ.; நாளுக்கு 31 கி.மீ. நெடுநடை பழகியவருக்குச் சரி. புதியவருக்குச் சொல்லமாட்டேன்.

கே: தெற்கே நடந்தால் வெயில் முகத்தில் அடிக்கும், அதற்காகவே வடக்கு நோக்கிப் போக வேண்டும் என்கிறாரே நண்பர்?

ப: வட அரைக்கோளத்தில் அது உண்மை. ஆனால் திசையை முடிவு செய்யும் காரணம் அல்ல. அகல விளிம்புத் தொப்பியும் சன்ஸ்கிரீனும் போதும்.

கே: முழுநீள நடைக்கு முன் பயிற்சியாகக் கலிஃபோர்னியாவின் 340 கி.மீ. ஜான் மியூர் ட்ரெயில் போகிறோம். எந்தத் திசை?

ப: யோசெமிட்டியிலிருந்து தெற்கே. பள்ளத்தாக்கின் உயரம் சுமார் 1,200 மீட்டர், முடிவில் விட்னி சிகரம் 4,421 மீட்டர். உடல் உயரத்துக்கு மெல்லப் பழகும். உணவுக் கணக்கும் இதற்கே சாதகம். வடபாதியில் டுவாலமி மெடோஸ், ரெட்ஸ் மெடோ, மியூர் ட்ரெயில் ராஞ்ச் என்று நிரப்பிக்கொள்ள இடங்கள் உண்டு. ராஞ்சுக்குப் பிறகு சுமார் 170 கி.மீ.க்குப் பாதையில் எதுவும் இல்லை. மறுதிசையில் வந்தால் கனமான மூட்டையும் மெல்லிய காற்றும் முதல் நாளே சேர்ந்து தாக்கும். தெற்கு நோக்கிய பெர்மிட்டுக்குத்தான் போட்டி அதிகம். ஒரே தேதியைப் பிடித்துக்கொள்ளாமல் ஜூலை நடு முதல் செப்டம்பர் தொடக்கம் வரை பல தேதிகளுக்கு விண்ணப்பியுங்கள். பெர்மிட் கைக்கு வந்த பிறகு விமான டிக்கெட் எடுங்கள்.