மொட்டைமாடிக் கம்பி ஆன்டெனா: கேள்வி பதில்

பையில் சுருட்டிப் போட்டுக்கொண்டு போகிற கம்பி ஆன்டெனா பற்றி வடசென்னை ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கொருக்குப்பேட்டை: 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) எண்ட்-ஃபெட், அதாவது ஒரு முனையில் கேபிள் இணைக்கிற, அரை அலைக் கம்பி 20.7 மீட்டர் வெட்டினேன். எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா எவ்வளவு சக்தியைத் திருப்பி அனுப்புகிறது என்று காட்டும் அளவு) 6.9 மெகாஹெர்ட்ஸில்தான் இறங்குகிறது. எங்கே தப்பு சார்?

தப்பே இல்லை, கம்பி நீளம். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அரை அலையின் உத்தேச நீளம் மீட்டரில் வரும். உங்கள் பேண்டில் இருக்கும் 7.1-க்கு 20.1. ஆக, 60 சென்டிமீட்டர் போல அதிகம். உடனே கட்டிங் பிளேயரை எடுக்காதீர்கள். முனையை மடக்கி, கம்பியோடு கம்பியாக இறுக்கி முறுக்கி, டை போட்டு அளந்து பாருங்கள். மடக்கிய பகுதி கிட்டத்தட்ட இல்லாத மாதிரிதான். நாளைக்கே மாடியை விட்டு மரத்தில் கட்டினால் கணக்கு மாறும். வெட்டியிருந்தால் ஒட்டுப்போட்டுக்கொண்டு உட்கார வேண்டும்.

ராயபுரம்: மரக்கிளைக்கு மேலே கயிறு போட கல்லைக் கட்டி எறிந்தேன். பக்கத்து வீட்டு ஓடு போச்சு.

காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கல்லைத் தேடுகிறீர்களே! ஈயக் குண்டும் தங்கூசியும் (தூண்டில் நரம்பு) வாங்குங்கள். முதலில் தங்கூசி கிளையைத் தாண்டட்டும். அதில் நைலான் கயிற்றைக் கட்டி இழுங்கள், கடைசியில் கம்பி. இ.பி. லைன் ஓடுகிற பக்கம் எறியவே கூடாது.

மரமே இல்லையென்றால் நீட்டி மடக்கும் தூண்டில் கழி. கண்ணாடி இழையா என்று கேட்டு வாங்குங்கள். கார்பன் கழி மின்சாரம் கடத்தும், டியூனிங்கைக் கெடுக்கும்.

தண்டையார்பேட்டை மாணவி: அம்மா துணி காயப்போடும் கம்பியையே ஆன்டெனாவாக்கலாமா அண்ணா?

வேலை செய்யும்மா. ஆனால் வேண்டாம். எண்ட்-ஃபெட்டில் இருக்கும் 49-க்கு 1 டிரான்ஸ்பார்மர் கேபிளின் 50 ஓம் மின்மறுப்பை 2450 ஓமாக ஆக்குகிறது. தொடக்க நிலை ஹாம்களின் ரெஸ்ட்ரிக்டட் லைசென்ஸுக்கு அனுமதித்த 50 வாட்டை முழுசாக விட்டால் அந்த முனையில் சுமார் 350 வோல்ட் நிற்கும். மறுமுனையிலும் அதே கதை. ஈரத் துணியோடு அம்மா கை வைத்தால் தோல் பொசுங்கிவிடும். தனிக் கம்பி கட்டு, ஆள் கை எட்டாத உயரத்தில்.

திருவொற்றியூர்: கட்டி சில மாதம்தான். ரிசப்ஷன் மந்தமாகிவிட்டது.

கடற்காற்று. என் வீட்டிலும் இதேதான். கம்பியைச் சந்தேகப்பட்டுப் புதுசு மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கோஆக்ஸ் (ஆன்டெனா கேபிள்) கனெக்டரைப் பிரித்தேன். கேபிளுக்குள் இருக்கும் செம்புப் பின்னல் கறுத்துப்போய், விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. நான் சுற்றியிருந்த சாதா இன்சுலேஷன் டேப் தண்ணீரை வெளியே நிறுத்தவில்லை, உள்ளே பிடித்து வைத்திருந்தது! தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் போடுங்கள். கேபிளைக் கனெக்டருக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

பெரம்பூர்: 6 மீட்டர் உயரம்தான் கிடைக்கிறது. மதுரை வரை பேசினால் போதும்.

அதற்கு அந்த உயரமே சரி. தாழக் கட்டிய 40 மீட்டர் டைபோல் (நடுவில் கேபிள் இணைத்த அரை அலைக் கம்பி) அலையைத் தலைக்கு மேலே அனுப்பும், அது அயனமண்டலத்தில் பட்டுச் சுற்றுவட்டாரத்தில் இறங்கும். பகலில் பேசுங்கள். இரவு ஏற ஏற அருகிலிருப்பவர்கள் மறைந்து தூரத்து ஆட்கள் வருவார்கள்.

எண்ணூர்: கடற்கரைக்கு எதை எடுத்துப்போவது?

20 மீட்டர் பேண்டுக்குச் செங்குத்துக் கம்பி, 5 மீட்டர், கழியோடு நிமிர்த்திக் கட்டியது. அடியில் அதே நீளத்தில் நான்கு கம்பிகளை மணலில் விரித்துவிடுங்கள். உப்புத் தண்ணீருக்குப் பக்கத்தில் தாழ்கோண அலை நன்றாக எழும், அதுதான் வெளிநாடு வரை போவது. மாடியில் ஒரு வாரம் கூவியும் கேட்காதவர் அங்கே முதல் அழைப்பிலேயே பதில் சொல்வார். இடிச் சத்தம் கேட்டால் மட்டும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுக் கழியை இறக்கிவிடுங்கள். திறந்த மணலில் உயரமாக நிற்பது அது ஒன்றுதான்.