ஆண்ட்ரோமேடா ஏன் வெளுத்துத் தெரிகிறது?

வணக்கம். தை அமாவாசையை ஒட்டிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, காங்கயம் பக்கம் நண்பர்கள் சேர்ந்து நடத்துகிற வான்நோக்கும் இடத்துக்குப் போனோம். ஆண்ட்ரோமேடா என்கிற கேலக்ஸியை, அதாவது கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த கூட்டத்தைக் காட்டினார்கள். அவ்வளவு பெரிய டெலஸ்கோப்பில் சாம்பல் புகை மாதிரி ஏதோ தெரிந்தது. "போன்ல கலர் கலரா இருக்குதேப்பா" என்கிறாள் மகள். இதற்கு அவ்வளவு தூரம் போகணுமா?
செ., பல்லடம்

அன்புள்ள செ.,

கண்டிப்பாகப் போகணும்ங்க. பாப்பா கேட்டதும் நல்ல கேள்விதான். மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிரியாது; நிறம் பார்க்கும் கூம்பு செல்களுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும், இருட்டில் வேலை செய்கிற கோல் செல்களுக்கு எல்லாமே சாம்பல்தான். கேமரா அதே இடத்தை மணிக்கணக்கில்கூடப் பார்த்து வெளிச்சத்தைச் சேர்த்துவைக்கும், கண்ணால் அது முடியாது. ஆனால் போனில் தெரிவது திரையின் வெளிச்சம். நீங்கள் பார்த்த அந்தப் புகை மாதிரி வெளிச்சம், சுமார் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து கிளம்பி நேராக உங்கள் மகள் கண்ணுக்குள் வந்து விழுந்தது. இதை அவளிடம் சொல்லுங்கள்.

வரிசையில் நிற்கும்போது போனை எடுத்தீர்களா? கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், ஒரு தடவை திரையைப் பார்த்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டுவது இதனால்தான். அப்புறம், மங்கலான பொருளை நேராகப் பார்க்காமல் கொஞ்சம் ஓரக்கண்ணால் பாருங்கள், புகை விரியும். கோல் செல்கள் பார்வையின் நட்டநடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன.

சித்திரை அமாவாசைக்கு இன்னொரு தடவை போங்கள். இரவு பத்து மணிவாக்கில் தெற்கே தென்சிலுவை நட்சத்திரக் கூட்டம் நிற்கும், வடக்கே அடிவானத்திலிருந்து 11 டிகிரி உயரத்தில் துருவ நட்சத்திரம். லண்டனில் இருப்பவருக்குத் தென்சிலுவை எழுவதே இல்லை. ஜவ்வாது மலையில் காவலூர் நோக்ககத்தை வைத்ததற்கு, இருட்டோடு சேர்த்து, வடவானம் தென்வானம் இரண்டும் கிடைப்பதும் ஒரு காரணம். ஒமேகா சென்டாரி என்கிற நட்சத்திரக் கொத்தையும் காட்டச் சொல்லுங்கள். வெறுங்கண்ணுக்கு மங்கிய ஒற்றை நட்சத்திரம், டெலஸ்கோப்பில் உப்பை அள்ளிக் கொட்டியது மாதிரி இருக்கும். பிள்ளைகள் நகர மாட்டார்கள்.

எனக்குக் கவலையெல்லாம் இருட்டைப் பற்றித்தான். கிளுவை வேலியும் கொறங்காடுமாக, அதாவது மேய்ச்சல் நிலமாகக் கிடப்பதால் அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் இருட்டு மிச்சமிருக்கிறது. ஆனால் தை மாத இரவில் ஆண்ட்ரோமேடா சாய்கிற வடமேற்கிலேயே திருப்பூரின் வெளிச்சமும் எழும்புகிறது, உங்களுக்கு அது இன்னும் வெளுத்துப் போனதற்கு அதுவும் சேர்ந்திருக்கும். நம் தோட்டத்துச் சாளைகளிலும் கோழிப்பண்ணை வாசல்களிலும் இப்போது ஃபோகஸ் லைட் மேலே பார்த்து எரிகிறது. அதைக் கீழே திருப்பி மேலே ஒரு தகடு அடித்தால் வாசலுக்கு வெளிச்சம் குறையாது. வெள்ளை பல்புக்குப் பதில் மஞ்சள் போடுங்கள், நீலம் கலந்த வெளிச்சம்தான் வானத்தில் அதிகம் சிதறுகிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்.