கொரங்காட்டை விற்றுத்தான் மகளைப் படிக்க வைக்க வேண்டுமா?

வணக்கம் ஐயா. மூலனூர்ப் பக்கம் எட்டு ஏக்கர் கொரங்காடு, அதாவது உயிர்வேலி போட்டு ஆடு மாடு மேயவிடும் மானாவாரி மேய்ச்சல் நிலம் இருக்கிறது, மகள் கால்நடை மருத்துவம்தான் படிப்பேன் என்கிறாள், காட்டை விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள்.

முதலில் படிப்பு. ஐந்தரை வருடம், அதில் கடைசி ஒரு வருடம் உள்ளிருப்புப் பயிற்சி. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ கட்ஆஃப்தான். அகில இந்திய ஒதுக்கீட்டு 15 சதவீதத்துக்கு மட்டும் நீட் வேண்டும். உங்கள் திருப்பூர் மாவட்டத்திலேயே உடுமலைப்பேட்டையில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே இடம் கிடைத்தால் காட்டை விற்கும் அளவுக்குச் செலவு வராது. வெளிமாநிலத்தில் சீட் வாங்கித் தருகிறேன் என்று வரும் ஏஜென்டை மட்டும் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

அடுத்து, 'இந்த வறண்ட காட்டை வைத்து என்ன செய்வது' என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. சுற்றிலும் முள் நிறைந்த கிளுவைச் செடி வேலி உயிரோடு இருந்தால் ஆட்டுக்குத் தனியாக மேய்க்கும் ஆள் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கொழுக்கட்டைப்புல் தழைக்கிறது. கோடையில் புல் காய்ந்த பிறகும் வெள்வேல மரத்து நெற்று உதிர்ந்து ஆட்டுக்குத் தீனியாகிறது. சில வருடத்துக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைத்தால் அறுவடைக்குப் பின் மிஞ்சும் தட்டை மாட்டுக்குத் தீனி, சாணமும் புழுக்கையும் மண்ணுக்கு. மழை பொய்த்துச் சோளம் போனாலும் நான்கு கிடாய் கைகொடுக்கும். பயிரை மட்டும் நம்பியவருக்கு அந்த வசதி இல்லை. போர்வெல் போட்டுத் தென்னை வைத்தவர்கள் தண்ணீர் லாரிக்குப் பணம் கட்டுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அதற்காக எல்லாம் சுகம் என்று சொல்லமாட்டேன். தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போடுவது உங்கள் பகுதியில் பெரிய தலைவலி. எட்டு ஏக்கர் மானாவாரி மட்டுமே ஒரு குடும்பத்தைத் தாங்குவதும் கஷ்டம். அதனால்தான் மகளின் படிப்பு காட்டுக்கு எதிரியில்லை என்கிறேன். டாக்டர் சம்பளம் ஒருபக்கம், ஆடு மறுபக்கம்.

கட்ஆஃப் எட்டாமல் போனால்? வேளாண் பல்கலைக்கழகத்தில் நான்கு வருட பி.எஸ்சி. வேளாண்மை இருக்கிறது. அதற்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். ஆனால் மாட்டுக்கு ஊசி போடத்தான் ஆசை என்றால் அந்தப் படிப்பு அவளுக்கு ஏமாற்றமாக இருக்கும். முதலில் ஒரு வாரம் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு அனுப்புங்கள், டாக்டரிடம் நீங்களே பேசி அனுமதி வாங்கி. சினை பார்ப்பதையும் கன்று திரும்பிக் கிடந்தால் கைவிட்டு எடுப்பதையும் நேரில் பார்த்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு 6-ஆம் வகுப்பிலிருந்து அங்கே படித்ததற்கான சான்றும் வேண்டும்.