மண்ணில் சீரியம் 'அதிகம்' என்று அறிக்கை வந்தால்

கேள்வி: பன்னிரண்டு வருடமாக சூப்பர் பாஸ்பேட்டும் கோழி எருவும் போட்டு வருகிறேன். உரத்தில் வரும் அருமண் தனிமங்கள் மண்ணில் தங்கி நஞ்சாகும் என்று சொல்லி ஒருவர் மண் எடுத்துப் போனார். அவற்றில் ஒன்றான சீரியம் 70 பிபிஎம் (கிலோ மண்ணுக்கு 70 மில்லிகிராம்), 'அதிகம்' என்று அறிக்கை தந்திருக்கிறார். அதை முறிக்க அவரிடமே ஒரு திரவம் இருக்கிறதாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். சீரியம் 'அருமண்' என்றாலும் பெயரில்தான் அருமை. பூமியின் மேலோட்டில் ஏறக்குறைய செம்பு அளவுக்கே இருக்கிறது. உரமே படாத காட்டு மண்ணிலும் 70 பிபிஎம் வரலாம்.

கணக்குப் பார்ப்போம். ஒரு ஹெக்டேரில் 20 செ.மீ. ஆழத்துக்கு சுமார் 2,600 டன் மண். சீரியத்தோடு மற்ற அருமண் தனிமங்களும் சேர்த்து கிலோவுக்கு 150 மில்லிகிராம் என்று வைத்தால், மொத்தம் 390 கிலோ அருமண் உங்கள் வயலில் ஏற்கெனவே கிடக்கிறது. வருடம் 300 கிலோ சூப்பர், அதில் கிலோவுக்கு 500 மில்லிகிராம் அருமண் என்றால் வருடத்துக்கு 150 கிராம். பன்னிரண்டு வருடத்துக்கு இரண்டு கிலோகூட இல்லை. அதிலும் பெரும்பகுதி கரையாத பாஸ்பேட்டாக மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். வேர் எடுக்கும் கொஞ்சமும் பெரும்பாலும் வேரிலேயே நின்றுவிடும்.

சரி, 'அதிகம்' என்று எதை வைத்துச் சொன்னார்? அருமண்ணுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட மண் வரம்பு எதுவும் கிடையாது. இன்னொரு தந்திரமும் உண்டு. மண்ணைக் கரைக்க எந்த அமிலம் என்பதைப் பொறுத்து எண் மாறும். இராஜ திராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கரைத்தால் குறைவாகவும், ஹைட்ரோபுளூரிக் அமிலம் சேர்த்து முழுதாகக் கரைத்தால் கூடுதலாகவும் காட்டும். இந்த வருடம் ஒன்று, அடுத்த வருடம் மற்றொன்று என்று கொடுத்து 'ஏறிக்கொண்டே போகிறது' என்று பயமுறுத்தியவர்களை நானே பார்த்திருக்கிறேன். இதே ஆட்கள் பக்கத்து வயலில் அருமண்ணையே நுண்ணூட்டம் என்று விற்பார்கள்! சீனாவில் பல பத்தாண்டுகளாகப் பயிருக்குத் தெளித்து வருகிறார்கள், உண்மைதான். ஆனால் பயிருக்கு அது கட்டாயச் சத்து என்று இதுவரை நிறுவப்படவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும்: ஜிப்சம். பாஸ்பேட் பாறையைக் கந்தக அமிலத்தில் கரைத்து பாஸ்பாரிக் அமிலம் எடுக்கும்போது, அருமண்ணில் பெரும்பகுதி கழிவான பாஸ்போஜிப்சத்தில் தங்கிவிடும். கதிரியக்கம் உள்ள ரேடியமும் அங்கேதான் போகும். சூப்பரைக் கிலோ கணக்கில் போடுகிறோம், களர் நிலத்துக்கு ஜிப்சத்தை டன் கணக்கில் கொட்டுகிறோம். ஒரு தடவை போட்டால் குடி முழுகாது. வருடா வருடம் போடுகிறவர் அது சுரங்க ஜிப்சமா, ஆலைக் கழிவா என்று கேட்டே வாங்க வேண்டும். சுரங்க ஜிப்சத்தில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. உர மூட்டையில் அச்சிட்டிருக்குமே என்கிறீர்களா? தழை, மணி, சாம்பல் சத்துக்கு சதவீதம் போடத் தெரிந்தவர்களுக்குப் பாறை எங்கிருந்து வந்தது, நச்சு உலோகமான காட்மியம் எவ்வளவு என்று ஒரு வரி போட இடமில்லை. பாஸ்பேட் உரத்தில் நிஜமாகவே பார்க்க வேண்டியது காட்மியம்தான். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு கிலோ பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்கு (மணிச்சத்தை இந்தக் கணக்கில்தான் அளப்பார்கள்) 60 மில்லிகிராம் என்று அதற்கு வரம்பே வைத்திருக்கிறது.

கோழி எருவில் அருமண்ணைத் தேட வேண்டாம். தீவனத்தின் தாதுக்கலவையில் இருந்து வரும் துத்தநாகமும் செம்பும்தான் அதில் சேர்கின்றன. அடுத்த முறை மண் கொடுக்கும்போது அந்த இரண்டையும் காட்மியத்தையும் கேளுங்கள். மண்ணை நீங்களே எடுத்து, நீங்களே ஆய்வகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்.