கோஜெட் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் பெயரைக் கேட்டாலே அந்நாட்டு விமானிகள் சிலர் முகம் சுளிப்பது ஏன்?

அங்குள்ள விமானிகளின் திறமையில் குறை இல்லை. நிறுவனம் பிறந்த விதம்தான் சிக்கல்.

டிரான்ஸ் ஸ்டேட்ஸ் என்ற சிறிய பிராந்திய விமான நிறுவனம் அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்காகச் சிறு விமானங்களை ஓட்டிவந்தது. அமெரிக்கன் தன் விமானிகளோடு அப்போது செய்திருந்த ஒப்பந்தப்படி, அப்படிப்பட்ட நிறுவனம் சற்றுப் பெரிய ஜெட்களை வேறு யாருக்காகவும்கூட ஓட்ட முடியாது. யுனைடெட் ஏர்லைன்ஸுக்காக 66 இருக்கை கொண்ட சிஆர்ஜே-700 ஜெட்களை ஓட்டும் வாய்ப்பு வந்ததும், அதே முதலாளி கோஜெட்டைத் தனியாகத் தொடங்கினார். 2005-இல் பறக்க ஆரம்பித்தது.

பழைய கடையில் சங்கம் இருக்கிறதே என்று பக்கத்திலேயே வேறு பெயரில் கடை திறப்பது போலத்தான். விமானிக்குப் பணிமூப்புப் பட்டியலே உயிர். எந்த விமானம், எப்போது விடுப்பு, எப்போது கேப்டன், எல்லாம் அதில்தான். புதிய ஜெட்கள் வந்தும் டிரான்ஸ் ஸ்டேட்ஸ் விமானிகளின் பட்டியலுக்கு அவை வரவில்லை. இப்படியே போனால் எந்த ஒப்பந்தத்தையும் செல்லாக்காசாக்கலாமே என்பதுதான் தொழிற்சங்கங்களின் பயம். அது நியாயமானது என்றே நினைக்கிறேன்.

ஆனால் பறக்கும் மணிநேரம் சேர்க்க அங்கே போன இளம் விமானியைத் துரோகி என்பது அநியாயம். கடையைத் திறந்தவர் அவரா என்ன? 2020 ஏப்ரலில் டிரான்ஸ் ஸ்டேட்ஸ் மூடப்பட்டது. கோஜெட் அதன்பிறகும் பறந்தது.